பக்கத்துப் படகைக் கூப்பிட்ட பேதுரு... பழவேற்காட்டில் நின்று படிக்க வேண்டிய ஓர் அற்புதம்!

மீன் பிடிக்கிறவர்களிடமே போய் மீன்பிடி அற்புதத்தைப் பிரசங்கம் செய்வது லேசான வேலை இல்லை. ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று நகரத்து ஆலயத்தில் சொன்னால், மக்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். கடலோரக் குப்பத்தில் சொன்னால் கேள்வி வரும். என்ன வலை? எத்தனை பாகம் தண்ணீர்? கரை சேர்ந்து, வலையையும் கழுவின பிறகு யாராவது மறுபடி அதை நனைப்பார்களா? அதுவும் பகலில்?

இந்தக் கேள்விகளை ஒதுக்கிவிட்டுப் படித்தால் அந்த அற்புதம் பாதிதான் புரியும். கேள்விகளோடு படிக்க ஏற்ற ஓர் ஊர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி தாலுகாவில் இருக்கும் பழவேற்காடு.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இங்கே இருக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில். தெற்கு ஓரம் மட்டும்தான் நமக்கு. ஆனால், கடல் நீர் உள்ளே வந்து போகும் முக்கியமான முகத்துவாரம் இந்தத் தெற்கு ஓரத்தில்தான் இருக்கிறது. ஆரணி ஆறும் இங்கேதான் வந்து சேர்கிறது. குளிர்காலத்தில் பூநாரை பார்க்க வருகிறவர்களுக்கு இது சுற்றுலா இடம். குப்பங்களில் இருப்பவர்களுக்கு இறாலும் நண்டும் மடவையும் தரும் சோற்றுப் பானை.

கிறிஸ்தவமும் இங்கே பழையது. ஊரில் உள்ள மகிமை மாதா ஆலயத்தின் வரலாற்றை, போர்த்துகீசியர் வந்த 1515-ம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறார்கள். அதன் பிறகுதான் டச்சுக்காரர்கள் வந்து கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இடிந்துபோனது. டச்சுக் கல்லறைகள் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கின்றன. வியாபாரத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், வலை போடுகிறவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

சரி, அந்த ஏரிக்கரைக் கதைக்கு வருவோம்.

கழுவின வலை

லூக்கா நற்செய்தியின் 5-ம் அதிகாரம். கெனேசரேத்து ஏரிக்கரையில் இயேசு நிற்கிறார். அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் நெருக்கியடிக்கிறது. கரையில் இரண்டு படகுகள். மீனவர்கள் இறங்கி வலையை அலசிக்கொண்டிருக்கிறார்கள். சீமோன் பேதுருவின் படகில் இயேசு ஏறுகிறார், கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளச் சொல்கிறார், உட்கார்ந்து போதிக்கிறார். பேசி முடித்த பிறகுதான், ஆழமான இடத்துக்குப் போய் வலையை இறக்கும்படி சொல்கிறார். ராத்திரி பட்ட பாட்டைச் சீமோன் சொல்கிறார். ஆனாலும், நீர் சொல்வதால் போடுகிறேன் என்று கிளம்புகிறார். வலை கிழிகிற அளவுக்கு மீன். இன்னொரு படகில் இருந்த கூட்டாளிகளுக்குச் சைகை காட்டுகிறார்கள். அவர்கள் வருகிறார்கள். இரண்டு படகுகளும் நிரம்பி, மூழ்கிவிடும் போல ஆகின்றன.

கெனேசரேத்து ஏரி, கலிலேயாக் கடல், திபேரியாக் கடல் எல்லாமே ஒரே இடத்தின் பெயர்கள்தான். பெயரில் கடல் என்று இருந்தாலும் அது நன்னீர் ஏரி. சுமார் 21 கிலோமீட்டர் நீளம், 13 கிலோமீட்டர் அகலம். கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. அங்கே பிடிபடும் மீன்களில் பிரபலமானதற்குப் 'பேதுருவின் மீன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் மீன் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டையின் ஒன்றுவிட்ட சொந்தம் அது. அதே கரையில் இருந்த மகதலா, மீனுக்கு உப்புப் போட்டு விற்ற ஊர் என்று கருதப்படுகிறது. மகதலேனா மரியாளின் ஊர் ஒரு கருவாட்டு ஊர் என்றால், நம் கடற்கரை மக்களுக்கு அவர் இன்னும் கொஞ்சம் நெருக்கமாகிவிடுவார்.

1986-ல் வறட்சியால் அந்த ஏரி உள்வாங்கியபோது, சேற்றுக்குள் ஒரு பழைய படகு தென்பட்டது. கண்டுபிடித்தவர்கள் இரண்டு மீனவச் சகோதரர்கள். ஆய்வில் அது இயேசு வாழ்ந்த காலத்தையொட்டிய படகு என்று தெரிந்தது. சுமார் 27 அடி நீளம், ஏழரை அடி அகலம். பலவகை மரத்துண்டுகளை ஒட்டுப்போட்டு, திரும்பத் திரும்பச் செப்பனிட்டு ஓட்டியிருக்கிறார்கள். பேதுருவின் படகும் இந்த மாதிரி ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். வசதியான ஆளின் படகு இல்லை அது. கிடைத்த பலகையை வைத்து ஒப்பேற்றிய படகு.

இப்போது அந்தப் 'பகலில் வலையா?' என்ற கேள்வி. கலிலேயாவில் பல காலம் மீன்பிடித் தொழில் செய்து, அதைப் பற்றியே ஆராய்ந்து எழுதிய மெண்டல் நுன் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். அந்தக் காலத்து வலை ஆளி நாரில் முறுக்கிய நூல் வலை. பகல் வெளிச்சத்தில் மீனின் கண்ணுக்கு அது தெரிந்துவிடும். அதனால்தான் ராத்திரியில் போடுவார்கள். விடிந்ததும் அலசிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் மக்கிப்போகும். நைலான் வந்த பிறகு மறந்துபோன சங்கதி இது.

ஆக, சீமோனிடம் இயேசு கேட்டது சாதாரண உதவி இல்லை. நாசரேத்தில் தச்சு வேலை பார்த்தவர் ஒருவர், தலைமுறையாக மீன் பிடிக்கிற ஆளிடம், தொழில் தெரிந்த யாரும் செய்யாத காரியத்தைச் செய்யச் சொல்கிறார். தூக்கம் கெட்டுச் சோர்ந்திருக்கிற நேரத்தில். கழுவி முடித்த வலையை வைத்து. கரையில் கூட்டம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது! வெறும் வலையோடு திரும்பியிருந்தால் ஊரே சிரித்திருக்கும்.

கீழ்ப்படிதல் என்று பிரசங்கிமார் சொல்லும் வார்த்தைக்குள் இந்த வெட்கமும் அடங்கியிருக்கிறது. தெரியாத விஷயத்தில் ஒருவர் சொல்வதைக் கேட்பது சுலபம். கைதேர்ந்த தொழிலில் இன்னொருவர் சொல்வதைக் கேட்பதுதான் கஷ்டம். மாதாமாதம் காணிக்கை போடுகிறவர்கள்கூட, தன் வியாபாரத்தில், தன் ஆபீஸில், தன் கணக்குப் புத்தகத்தில் மட்டும் ஆண்டவரின் யோசனையைக் கேட்பதில்லை. அங்கே அனுபவம் பேசும். சீமோன் தன் அனுபவத்தை மறைக்கவில்லை, சொல்லிவிட்டார். சொன்ன பிறகும் படகைத் தள்ளினார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மீன் கிடைத்த பிறகு அவர் படகைக் கொடுக்கவில்லை. ஒன்றும் கிடைக்காத காலையில், வெறும் படகைப் போதிப்பதற்குக் கொடுத்தார். அன்று அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்த வேலையில் நைட் ஷிஃப்ட் முடித்து, அசந்துபோய் பஸ் ஏறுகிறவர்களுக்கு அந்தக் காலையின் களைப்பை விளக்கத் தேவையில்லை. அந்தக் களைப்போடேயே பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவருகிறவர்களும், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாய் விரிக்கிறவர்களும் அந்த ஊர்களில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

சைகை காட்டிய கை

ஆசீர்வாதக் கூட்டங்களில் இந்த அற்புதத்துக்குத் தனி மவுசு உண்டு. ஆனால், பெரும்பாலும் வலை நிரம்பும் இடத்தோடு பிரசங்கம் நின்றுவிடும். 'உங்கள் வலையும் நிரம்பும்' என்பார்கள், ஆமென் சத்தம் எழும், கூட்டம் கலையும். லூக்கா அங்கே நிறுத்தவில்லை. வலை நிரம்பியதற்கு ஒரு வரி என்றால், அடுத்த படகைக் கூப்பிட்டதற்கும் இடம் ஒதுக்குகிறார். கூப்பிடாமல் விட்டிருந்தால் வலையும் கிழிந்திருக்கும், மீனும் போயிருக்கும். மிதமிஞ்சிக் கிடைத்ததைத் தனியாக இழுக்கப் பார்த்தவனுக்குக் கடைசியில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க உவமை தேட வேண்டியதில்லை. அவர்களிடம் 'பாடு' இருக்கிறது.

ஏரி எல்லோருக்கும் பொது என்றாலும், முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் சிலதான். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் தினம் அடிதடிதான். அதனால் தலைமுறை தலைமுறையாக ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்கள் முறை மாற்றி அந்த இடங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஊருக்குள் யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். இதற்குத்தான் பாடு என்று பெயர். பெயரிலேயே மாதாவை வைத்திருக்கும் ஊரும் மற்ற ஊர்களும் ஒரே முறைக்குள் வருகின்றன. எல்லை தாண்டிப் பேசினால் இலங்கையின் நீர்கொழும்புக் காயலிலும், கத்தோலிக்க மீனவர்கள் இதே பெயரில் வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள்.

தமிழில் இந்தச் சொல் எவ்வளவு சுமக்கிறது பாருங்கள். பாடு என்றால் உழைப்பு, பாடு என்றால் துன்பம். இந்த ஏரியில் பாடு என்றால் ஒருவனுடைய முறை. தவக்காலத்தில் ஆலயத்தில் தியானிப்பதும் இயேசுவின் பாடுகளைத்தான். ராத்திரி முழுக்கப் பாடுபட்டேன் என்று சீமோன் தமிழில் சொல்லியிருந்தால், பழவேற்காட்டில் அதற்கு இரண்டு அர்த்தம் வந்திருக்கும்.

பாடு முறையின் அழகு அது ஒருவரின் பேராசைக்குக் கடிவாளம் போடுவதில் இருக்கிறது. நல்ல இடம் இன்றைக்கு உனக்கு, நாளைக்கு அவனுக்கு. வலை நிரம்பினாலும் மறுநாள் அந்த இடத்தை விட்டு விலக வேண்டும். வலிமையானவன் வளைத்துப்போட முடியாது. மீன்வளத்தை ஆராய்கிறவர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து இதைப் படிக்க வந்ததற்குக் காரணம் இதுதான்.

ஆனால், இதைப் புகழ்ந்துவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. பாட்டுக்குள் வருகிறவர்கள் குறிப்பிட்ட ஊர்களின், குறிப்பிட்ட சமுதாயத்தின் ஆண்கள். ஏரியை நம்பிப் பிழைக்கிற மற்றவர்களுக்குச் சீட்டில் பெயர் இல்லை. எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரைக்கும் உப்பங்கழிகளில் இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தேடுவார்கள். அவர்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. கண்ணாடிச் சில்லும் சிப்பியும் கையைக் கிழிக்கும்.

லூக்காவின் கதையில் இரண்டாவது படகில் இருந்தவர்கள் யார்? செபதேயுவின் மகன்கள் யாக்கோபும் யோவானும். சீமோனின் தொழில் கூட்டாளிகள், தெரிந்தவர்கள், அதே கரைக்காரர்கள். சைகை அவர்களுக்குத்தான் போனது. அன்றைக்கு அது போதும், ஏனென்றால் பக்கத்தில் இருந்தது அந்தப் படகுதான். ஆனால், சீமோன் அத்தோடு நின்றுவிட முடியவில்லை. அதே 5-ம் அதிகாரத்தில், சில வசனங்கள் தள்ளி, வரி வசூலிக்கும் லேவியை இயேசு கூப்பிடுகிறார். மீனவர்களிடமும் ரோமருக்கும் ஏரோதுக்குமாகப் பணம் பிடுங்கிய வர்க்கத்தைச் சேர்ந்த ஆள். ஒரே குழுவில், ஒரே பந்தியில் சீமோன் அவரோடு உட்கார வேண்டியிருந்தது. கூட்டாளியைக் கூப்பிடச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. மற்றவர்களைக் கூப்பிடக் கற்றுக்கொள்ளச் சீமோனுக்குப் பல வருடங்கள் பிடித்தன. யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டு வாசலை மிதிக்கக்கூட அவருக்கு ஒரு தரிசனம் தேவைப்பட்டது என்று அப்போஸ்தலர் பணிகள் நூல் சொல்கிறது.

பங்கு போடுவது ஏரி நிறைந்திருக்கும்போது சுலபம். இப்போது அப்படி இல்லை. குடும்பங்கள் பெருகிவிட்டன, ஒருவருக்கு முறை வரும் நாள்கள் குறைந்துவிட்டன. கோடையில் முகத்துவாரம் மணல் மூடிவிடுகிறது. வாய் அடைத்தால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது, படகும் வெளியே போகாது. தெற்கே எண்ணூர் வரைக்கும் அனல் மின் நிலையங்கள், சாம்பல் குளங்கள், துறைமுகங்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் பல ஆண்டுகளாக எதிர்க்கிறார்கள். கரை அரித்து, முகத்துவாரம் மாறி, ஏரியே போய்விடும் என்பது அவர்கள் பயம். மேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். மீனவர் வீட்டுப் பிள்ளைகளில் பலர் வலையை விட்டுவிட்டு, கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். இந்த நிலைமையில் பாடு முறையும் இழுபறியாகிறது. குறைந்துபோன மீனுக்கு, கூடிப்போன கைகள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது பலருக்கு நினைவிருக்கும். பக்கெட்டும் குவளையுமாகத் தண்ணீரிலிருந்து எண்ணெயை அள்ளியவர்களில் மீனவர்களும் இருந்தார்கள். படகெல்லாம் கறுப்பு, வலையெல்லாம் பிசுக்கு. வலையை அலசிக்கொண்டு நின்ற அந்தக் கரை, லூக்கா எழுதிய கரை மாதிரியே இருந்திருக்கும், மீன் வந்து நிரம்பிய பகுதி மட்டும் இல்லாமல்.

'உங்கள் வலையும் நிரம்பும்' என்கிற பிரசங்கம் இந்தக் கரையில் என்ன சொல்லும்? விசுவாசம் குறைந்ததால்தான் மீன் இல்லை என்றா? அப்படிச் சொன்னால் அது அநியாயம். சீமோனின் வலை ராத்திரி காலியாக இருந்ததற்கு அவருடைய பாவம் காரணம் என்று இயேசு ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலி வலைக்காக அவரைக் கண்டிக்கவும் இல்லை. காலிப் படகில் ஏறி உட்கார்ந்தார், அவ்வளவுதான். வெறும் வலையோடு நிற்கிறவரின் படகைத் தேர்ந்தெடுத்தார் என்பதே அந்தக் கரையில் கேட்கப்பட வேண்டிய முதல் செய்தி.

ஐயா, ஆண்டவரே

மீன் நிரம்பியதும் சீமோன் சந்தோஷத்தில் குதித்ததாக லூக்கா எழுதவில்லை. இயேசுவின் காலடியில் விழுந்து, தான் பாவி, தன்னை விட்டுப் போய்விடும்படி கேட்கிறார். வலை போடுவதற்கு முன் ஒரு குருவை அழைப்பதுபோல மரியாதையாக அழைத்தவர், இப்போது ஆண்டவரே என்கிறார். இத்தனை மீனை அள்ளியவன் பயப்படுவானா என்று தோன்றும். தனக்குச் சம்பந்தமே இல்லாத கணக்கில் ஒரு தொகை வந்து விழுந்தால், நேர்மையான ஆளுக்கு முதலில் வருவது பயம்தான். இது என் உழைப்பு இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ராத்திரி முழுக்க உழைத்ததற்குக் கிடைத்தது என்ன என்பதும் தெரியும்.

பயப்படாதே, இனி மனிதரைப் பிடிப்பாய் என்ற பொருளில் இயேசு பதில் சொல்கிறார். லூக்கா அங்கே பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லுக்கு 'உயிரோடு பிடிப்பது' என்று பொருள். மீனைப் பிடித்தால் அது சாகும். இந்தப் பிடி வாழ வைக்கும் பிடி. ஊழியம் என்ற பெயரில் ஆள் கணக்குக் காட்டுகிறவர்கள் இந்தச் சொல்லை ஒரு தடவை யோசிக்கலாம்.

அப்புறம் அவர்கள் படகுகளைக் கரையில் ஏற்றிவிட்டு, எல்லாவற்றையும் விட்டு அவர் பின்னால் போனார்கள். எல்லாவற்றையும் என்றால், அந்த மீனையும்தான். வாழ்க்கையிலேயே பெரிய வரத்து அது. ஏலம் போட்டால் கடன் அடைந்திருக்கும். குப்பத்துப் பெண்கள் இங்கே கண்டிப்பாகக் கேட்பார்கள்: 'அந்த மீனை யார் எடுத்தது? அவங்க வீட்ல அன்னிக்கு என்ன சாப்பிட்டாங்க?' நியாயமான கேள்வி. பேதுருவுக்குக் குடும்பம் உண்டு. முந்தின அதிகாரத்தில்தான் அவர் மாமியாரின் காய்ச்சலை இயேசு குணமாக்கினார். செபதேயுவிடம் கூலியாட்கள் இருந்ததாக மாற்கு எழுதுகிறார். ஆகவே படகும் மீனும் அநாதையாகக் கிடந்திருக்காது. தகப்பனும் கூலியாட்களும் வீட்டுப் பெண்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் அழைப்பை ஏற்றுப் போகும்போது, பின்னால் நின்று வீட்டைத் தாங்குகிறவர்களின் பெயர் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.

சென்னைக்காரர்களுக்கு இந்தப் பேதுரு தினமும் வாயில் வருகிறவர். தமிழ்க் கத்தோலிக்கர் அவரை இராயப்பர் என்பார்கள். இராயபுரம் அவர் பெயரால் அமைந்தது. அங்கே உள்ள புனித இராயப்பர் ஆலயத்தை எழுப்பியவர்கள், 19-ம் நூற்றாண்டில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே மசூலாப் படகு ஓட்டிய தொழிலாளர்கள். தங்கள் தொழில்காரனுக்குத் தங்கள் காசில் கோயில் கட்டினார்கள்.

நூற்றைம்பத்து மூன்று

யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் இன்னொரு மீன்பிடி வருகிறது. இயேசு உயிர்த்தெழுந்த பிறகு நடப்பது. பேதுரு மறுபடி மீன் பிடிக்கக் கிளம்புகிறார், கூட ஆறு பேர். மறுபடி ராத்திரி முழுக்க ஒன்றுமில்லை. விடியும்போது கரையில் ஒருவர் நின்று, சாப்பிட ஏதாவது மீன் இருக்கிறதா என்று கேட்கிறார். படகின் வலப்பக்கம் வலையைப் போடச் சொல்கிறார். வலை நிரம்புகிறது. அவர் யாரென்று தெரிந்ததும் பேதுரு தண்ணீரில் குதித்துக் கரைக்கு வருகிறார்.

கரையில் கரி நெருப்பு. அதன்மேல் ஏற்கெனவே மீனும், பக்கத்தில் அப்பமும். அவர்களுக்கு முன்னாலேயே சாப்பாடு தயார். ஆனாலும், இயேசு அவர்கள் பிடித்ததிலிருந்தும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்கிறார். தேவைப்படாதவர் கேட்கிறார். அவர்கள் பாடும் அந்தப் பந்தியில் சேர வேண்டும் என்பதுபோல.

வலையில் இருந்தவை 153 பெரிய மீன்கள் என்று யோவான் துல்லியமாகச் சொல்கிறார். இந்த எண்ணை வைத்து எவ்வளவோ ஆராய்ச்சி நடந்துவிட்டது. அந்தக் காலத்தில் தெரிந்த மீன் வகைகள் 153 என்று புனித எரோணிமுஸ் விளக்கம் சொன்னார். ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153 வரும் என்று புனித அகுஸ்தினார் கணக்குப் போட்டார். மீனவர்களிடம் கேட்டால் இவ்வளவு சுற்றி வளைக்க மாட்டார்கள். எண்ணினார்கள், ஏனென்றால் பங்கு போட வேண்டும். வலைக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்காமல் எந்தக் கரையிலும் மீன் வீட்டுக்குப் போவதில்லை. கடவுளின் மகன் கண் முன்னால் நிற்கும்போதும் அவர்கள் எண்ணிப் பங்கு வைத்தார்கள் என்றால், அதில் ஒரு கண்ணியம் இருக்கிறது. இத்தனை இருந்தும் வலை கிழியவில்லை என்பதையும் யோவான் சேர்த்துச் சொல்கிறார். முதல் தடவை கிழியத் தொடங்கிய வலை, இந்தத் தடவை தாங்கியது.

கரி நெருப்பு என்ற சொல் யோவானில் இரண்டு இடத்தில்தான் வருகிறது. ஒன்று இங்கே. இன்னொன்று, தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில். குளிர் காய்ந்துகொண்டே இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தாரே, அந்த நெருப்பு. இப்போது இன்னொரு நெருப்பின் பக்கத்தில், சாப்பிட்டு முடித்த பிறகு, தன்னை நேசிக்கிறாயா என்று இயேசு மூன்று முறை கேட்கிறார். முதலில் சாப்பாடு போட்டார், அப்புறம்தான் கேட்டார். தப்புச் செய்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளையை வாசலிலேயே நிற்கவைத்து விசாரிக்கிற பெற்றோருக்கு, இந்த வரிசை கவனிக்கத் தக்கது.

அந்தக் காலையில் படகில் இருந்த ஏழு பேரில் ஒருவர் தோமா. திதிம் என்ற மறுபெயரோடு யோவான் அவரைக் குறிப்பிடுகிறார். சந்தேகப்பட்டவர் என்றே உலகம் அவரை அறியும். ஆனால், கலிலேயா ஏரிக்கரையில் அந்த மீனையும் அப்பத்தையும் இயேசுவின் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டவர் அவர். பின்னாளில் அவர் தமிழ்க் கடற்கரைக்கு வந்தார், பரங்கிமலையில் கொல்லப்பட்டார், மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது காலங்காலமாக வந்த நம்பிக்கை. சாந்தோம் பேராலயம் அந்தக் கல்லறையின் மேல்தான் நிற்கிறது. பழவேற்காட்டு மகிமை மாதா ஆலயமும் அதே சென்னை - மயிலை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்ததுதான். வடக்கே மாதா குப்பத்தில் ஒருவர் ராத்திரி வெறும் வலையோடு கரையேறினால், தெற்கே அந்தக் கடலோரத்தில் கல்லறை கொண்டிருக்கிற தோமாவுக்கு அது புது விஷயம் இல்லை. அவரும் ஒரு ராத்திரி முழுக்க அந்தப் படகில் இருந்தவர்தான்.